ஆள் போனாலும் இடம் காலியாகாது

2014 செப்டம்பர் கடைசி வாரம். அமேசானின் கிளவுடில் சர்வர்களை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனங்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு வந்தது. உங்கள் இயந்திரங்களில் சிலவற்றை அணைத்து மறுபடி போடப்போகிறோம், தயாராக இருங்கள் என்றது அது. எல்லா சர்வர்களுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஸென் என்ற மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை. அக்டோபர் 1ஆம் தேதி அது ஊருக்கே தெரியப்போகிறது. அதற்குள் அடைத்தாக வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அங்கே 2,700க்கும் மேற்பட்ட டேட்டாபேஸ் நோட்களை, அதாவது டேட்டாபேஸைச் சேர்ந்து தாங்கும் சர்வர்களை, ஓட்டிக்கொண்டிருந்தது. அவற்றில் 218 அணைக்கப்பட்டன. அந்த 218இல் 22 திரும்ப எழுந்திருக்கவேயில்லை.

ஒரே வார இறுதியில் இருபத்திரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் போய்விட்டன! ஒரே ஒரு சர்வர் படுத்தாலே வங்கிக் கிளையில் வரிசை நின்றுபோவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் அந்த வார இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு நொடிகூட முடங்கவில்லை. தானாக இயங்கும் ஏற்பாடுகள் விழுந்த நோட்களைக் கண்டுபிடித்தன, புது நோட்களைக் கொண்டுவந்தன, விழுந்தவற்றின் இடத்தில் உட்காரவைத்தன. மனிதக் கை பட்டது மிகக் குறைவு.

அது எப்படி நடந்தது? வாருங்கள், திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்போம். நெட்ஃபிளிக்ஸில் ஓடும் எந்தத் தொடருக்கும் குறையாத கதை அங்கே இருக்கிறது. பெயர்கள், வாரிசுகள், சந்தேகங்கள், சாவு, பட்டாபிஷேகம் எல்லாமே உண்டு!

வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டம்

அந்த 2,700 நோட்களிலும் ஓடியது கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ். ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸுக்குள் தேடுவதற்காக அவினாஷ் லக்ஷ்மனும் பிரசாந்த் மாலிக்கும் இதை எழுதினார்கள். 2008இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, 2010இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. அமேசானின் டைனமோ என்ற டேட்டாபேஸ் பற்றி 2007இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களிலும் அவினாஷ் லக்ஷ்மன் ஒருவர். டைனமோவின் மூளை கசாண்ட்ராவுக்குள் இருப்பது அதனால்தான்.

இந்த மூளையின் அடிப்படை யோசனை ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பு முழுக்க எண்கள். கசாண்ட்ராவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு தகவலின் சாவியும் ஒரு கணக்குக்குள் போய் ஓர் எண்ணாக வெளியே வருகிறது. அந்த எண் வட்டத்தில் எங்கே விழுகிறதோ, அந்த இடத்துக்குப் பொறுப்பான நோட் அந்தத் தகவலை வைத்துக்கொள்ளும். எந்த நோட் எந்த இடத்துக்குப் பொறுப்பு என்று சொல்லும் எண்ணுக்கு டோக்கன் என்று பெயர். 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் கார்கரும் கூட்டாளிகளும் முன்வைத்த யோசனையின் வாரிசு இது.

இதோடு நிற்பதில்லை. வழக்கமாக ஒவ்வொரு தகவலும் மூன்று நோட்களில் நகலாக இருக்கும். மூன்றில் இரண்டு "சரி" என்றால் போதும், எழுதுவதும் படிப்பதும் நடந்துவிடும். ஆகவே ஒரு நோட் செத்த அந்தக் கணத்தில் எதுவும் தொலைவதில்லை. மற்ற இரண்டும் வேலையைத் தொடர்கின்றன. இங்கே தலைவர் என்று யாரும் கிடையாது. எல்லா நோட்டும் சமம். யார் போனாலும் மற்றவர்கள் தாங்குவார்கள்.

2011இல் நெட்ஃபிளிக்ஸ் இந்த வட்டத்தை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று பார்த்தது. அமேசான் கிளவுடில் 288 இயந்திரங்களை நிறுத்தி, ஒரு நொடிக்கு ஏறத்தாழ 11 லட்சம் பதிவுகளை உள்ளே எழுதியது. நோட்களைக் கூட்டக்கூட வேகமும் நேர்கோட்டில் ஏறியது! 2014இல் ஆப்பிள் நிறுவனம் தன்னிடம் 75,000க்கும் மேற்பட்ட கசாண்ட்ரா நோட்கள் இருப்பதாகச் சொன்னது. இந்த அளவில் ஏதாவது ஒரு நோட் சாகாத நாளே இருக்காது. சாவை ஒரு விபத்தாக நினைக்காமல் தினசரி வேலைகளில் ஒன்றாக நினைத்தால்தான் இங்கே பிழைக்க முடியும்.

டிராய் அரண்மனையின் வம்சாவளி

பெயர்களுக்கு வருவோம், இங்கேதான் கொண்டாட்டம் ஆரம்பம்! கசாண்ட்ரா என்பவள் கிரேக்கப் புராணத்தில் டிராய் நாட்டு இளவரசி. வருவதை முன்கூட்டியே சொல்லும் வரமும், சொன்னதை யாரும் நம்பாத சாபமும் பெற்றவள். டேட்டாபேஸுக்கு அவள் பெயர் வந்தது. பிறகு அதைச் சுற்றிக் கருவிகள் எழுதியவர்கள் எல்லோரும் அந்த அரண்மனைக்குள்ளேயே பெயர் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜாவா மொழியிலிருந்து கசாண்ட்ராவோடு பேச ஒரு கருவி வந்தது. அதன் பெயர் ஹெக்டர், இளவரசியின் அண்ணன். நெட்ஃபிளிக்ஸ் தன் பங்குக்கு இன்னொரு கருவியை எழுதி அஸ்டியானாக்ஸ் என்று பெயர் வைத்தது. அவன் ஹெக்டரின் மகன். நோட் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தளத்தைப் பயன்படுத்துபவர்கள் எழுதிய கருவி ஹெலெனஸ், கசாண்ட்ராவோடு கூடப்பிறந்த இரட்டை. அப்புறம் இவர்கள் அனைவரையும் கட்டிக் காக்க ஒருவர் வேண்டாமா? 2012இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட பாதுகாவலர் மென்பொருளின் பெயர் பிரையம். டிராய் நாட்டு அரசர், கசாண்ட்ராவின் அப்பா! ஒவ்வொரு நோட்டிலும் மகளுக்குப் பக்கத்திலேயே அப்பாவும் ஓடிக்கொண்டிருப்பார். பேக்கப் எடுப்பது, டோக்கன் பங்கிடுவது, செத்த நோட்டுக்கு வாரிசு நியமிப்பது எல்லாம் அவர் வேலை. அவரைக் கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்திப்போம்.

ஒரு நோட்டுக்கு எத்தனை பெயர்?

மென்பொருளுக்குப் பெயர் வைப்பது குஷி. தனித்தனி நோட்டுக்குப் பெயர் வைப்பது இன்னும் பெரிய கதை.

1990 ஆகஸ்டில் டான் லைப்ஸ் என்பவர் கணினிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்றே ஓர் ஆவணம் எழுதினார். இணையத்தின் விதிமுறைகள் வெளியாகும் ஆர்எஃப்சி வரிசையில் 1178ஆவது எண்ணாக அது இன்றும் இருக்கிறது. உங்கள் சொந்தப் பெயரை வைக்காதீர்கள், செய்துகொண்டிருக்கும் திட்டத்தின் பெயரை வைக்காதீர்கள், நிறங்கள் மாதிரி ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து எடுங்கள் என்கிறார். அவர் சொல்லும் ஓர் உதாரணம் அட்டகாசமானது. பல கணினிகளில் பரவிக் கிடந்த ஒரு டேட்டாபேஸில், மாற்றங்களை ஏற்றுக்கொள்ளும் ஒரே கணினிக்கு "அப்" என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அதன்பின் அந்த அலுவலகத்தில் "அப் டவுனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்! பரவிய டேட்டாபேஸின் நோட்டுக்குத் தப்பாகப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பது 1990இலேயே தெரிந்திருக்கிறது.

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் கிளஸ்டரில், அதாவது நோட்களின் கூட்டத்தில், முன்பெல்லாம் இதைவிடக் கலகலப்பு. நீங்கள் பெயர் வைக்காமல் ஒரு நோட்டைத் தொடங்கினால், மார்வெல் காமிக்ஸ் கதாபாத்திரங்களின் பட்டியலிலிருந்து அதுவே ஒரு பெயரைச் சூட்டிக்கொள்ளும். பட்டியலில் ஏறக்குறைய 3,000 பெயர்கள்! கிளஸ்டரே ஒரு சூப்பர் ஹீரோ மாநாடாகிவிடும். நோட்டை அணைத்துப் போட்டால் இன்னொரு ஹீரோவின் பெயரோடு எழுந்து வரும். நேற்று ராத்திரி பதிவேட்டில் முனகிய ஹீரோவும் இன்று காலை வந்து நிற்கும் ஹீரோவும் ஒரே இயந்திரமா என்று பதிவேட்டைப் புரட்டுபவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2016இல் வந்த 5.0 பதிப்போடு ஹீரோக்கள் விடைபெற்றார்கள்.

மென்பொருளை அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னர்களுக்கும் இப்படி ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. ஒரு குணச்சொல், ஒரு விஞ்ஞானி அல்லது கணினி மேதையின் பெயர், இரண்டையும் ஒட்டினால் கன்டெய்னரின் பெயர் தயார். பட்டியலில் ராமன் இருக்கிறார், ராமானுஜன் இருக்கிறார், சுப்ரமணியன் சந்திரசேகர் இருக்கிறார், அப்துல் கலாம் இருக்கிறார்! உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு டேட்டாபேஸின் சோதனை நோட் இந்த நிமிடம் ராமானுஜன் என்ற பெயரோடு ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்தாலே மனம் குதிக்கிறது. இன்னொரு செய்தி. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கின் பெயரோடு "போரிங்" என்ற குணச்சொல் சேர்ந்துவிட்டால், அந்த நிரல் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பெயர் தேடும். வோஸ்னியாக் சலிப்பூட்டுபவர் இல்லை என்று காரணமும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, கிளவுடில் ஓடும் ஒரு கசாண்ட்ரா நோட்டுக்கு எத்தனை பெயர் தெரியுமா? விரல்விட்டு எண்ணுவோம். அமேசான் கொடுக்கும் இன்ஸ்டன்ஸ் ஐடி ஒன்று. "ஐ" என்ற எழுத்து, ஒரு சிறு கோடு, அதன்பின் 17 எழுத்தும் எண்ணும். இது இயந்திரத்தின் பெயர். அடுத்தது ஐபி முகவரி. அந்த ஐபியை அப்படியே கோடுபோட்டு எழுதிய ஹோஸ்ட்நேம் மூன்றாவது. நோட் முதன்முதலில் எழும்போது கசாண்ட்ரா தானே உருவாக்கிக்கொள்ளும் ஹோஸ்ட் ஐடி நான்காவது. இருக்கும் ஊரும் தெருவும் ஐந்தாவது. கசாண்ட்ரா அமேசானின் ரீஜனை டேட்டாசென்டர் என்றும், அதன் உட்பிரிவான அவைலபிலிட்டி ஸோனை ரேக் என்றும் எடுத்துக்கொள்ளும். ஸோனின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. "1ஏ" என்று எல்லோருக்கும் ஒரே கட்டடத்தைக் காட்டினால் எல்லோரும் முதல் எழுத்திலேயே போய்க் குவிவார்கள் அல்லவா? அதனால் அமேசான் பெயர்களைக் கணக்குக்குக் கணக்கு கலைத்துப் போட்டது. உங்கள் "1ஏ"யும் உங்கள் நண்பரின் "1ஏ"யும் வெவ்வேறு இடமாக இருக்கலாம்!

கடைசியாக, டோக்கன். வட்டத்தில் அந்த நோட்டுக்கு உரிய இடங்கள்.

இத்தனை பெயர்களில் எது உண்மையான பெயர்? நோட் செத்தால் இன்ஸ்டன்ஸ் ஐடி போய்விடும். ஐபி போய்விடும், ஹோஸ்ட்நேமும் போய்விடும். ஆனால் டோக்கன் போகாது. போகவும் விடமாட்டார்கள். இந்த ஒற்றை முடிவில்தான் 22 நோட்களின் ரகசியம் முழுக்க இருக்கிறது. இயந்திரம் யார் என்பதை மறந்துவிடலாம், இடம் யாருடையது என்பதை மறக்கக் கூடாது.

கிளவுட் உலகம் இந்தப் பாடத்துக்கு ஓர் உவமை வைத்திருக்கிறது. பழைய சர்வர்கள் செல்லப் பிராணிகள், பெயர் வைத்துக் கொஞ்சுவோம், நோய் வந்தால் மருத்துவம் பார்ப்போம். புதிய சர்வர்கள் மந்தை, எண் போதும், ஒன்று போனால் இன்னொன்று வரும். மைக்ரோசாஃப்டின் பில் பேக்கர் சொல்ல, ராண்டி பயஸ் பரப்பிய உவமை இது. பட்டியில் கட்டிய பசுவையும் லட்சுமி என்று கூப்பிடும் நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். டேட்டாபேஸ்காரர்களுக்கும் உறுத்தியது. இணையப் பக்கம் காட்டும் சர்வர் செத்தால் அதே மாதிரி இன்னொன்றை எழுப்பினால் முடிந்தது. டேட்டாபேஸ் நோட்டுக்குள் ஒருவருடைய தகவல் இருக்கிறது. அது யாருடைய இடம், எதற்குப் பொறுப்பு என்று தெரியாமல் மாற்ற முடியாது. அதனால் இயந்திரத்துக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டுப் பொறுப்புக்குப் பெயர் வைத்தார்கள். எவ்வளவு அழகான தீர்வு!

செத்துவிட்டது என்று யார் சொன்னது?

தலைவர் இல்லாத கூட்டத்தில் ஒருவர் இறந்தால் அறிவிப்பது யார்? இதற்குக் கசாண்ட்ரா கையாளும் முறைக்கு காசிப் என்றே பெயர். ஒவ்வொரு நோட்டும் நொடிக்கு ஒருமுறை வேறு சில நோட்களோடு, அதிகபட்சம் மூன்றோடு, பேசும். நான் நலம், நீ எப்படி, அவனைப் பற்றி என்ன தெரியும், இவனைப் பற்றி என்ன தெரியும். சில நொடிகளில் ஒரு சேதி கிளஸ்டர் முழுக்கப் பரவிவிடும்.

ஒரு நோட்டிடமிருந்து குரல் வராவிட்டால் உடனே செத்ததாக முடிவுகட்டிவிட முடியாது. நெட்வொர்க் கொஞ்சம் திணறியிருக்கலாம். அதனால் கசாண்ட்ரா சாவை அளப்பதில்லை, சந்தேகத்தை அளக்கிறது! ஜப்பானில் நவோஹிரோ ஹயாஷிபாராவும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட முறை இது. அந்தச் சந்தேகத்தின் அளவுக்கு ஃபை என்று பெயர். வழக்கமாக இந்த நோட் எத்தனை இடைவெளியில் பேசும், இப்போது எத்தனை நேரமாகப் பேசவில்லை என்று ஒப்பிட்டு ஃபை ஏறிக்கொண்டே போகும். ஃபை 1 என்றால், செத்துவிட்டது என்ற முடிவு தவறாக இருக்க 10 சதவீத வாய்ப்பு. 2 என்றால் 1 சதவீதம், 3 என்றால் 0.1 சதவீதம். கசாண்ட்ரா 8 வரை பொறுத்திருக்கும். கிளவுடில் நெட்வொர்க் அடிக்கடி தள்ளாடும் என்பதால் 10 அல்லது 12 வரை பொறுக்கச் சொல்வது வழக்கம்.

எல்லை தாண்டியதும் "நோட்டூல் ஸ்டேட்டஸ்" என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் முன்னால் இரண்டு எழுத்து இருக்கும். "யுஎன்" என்றால் அப், நார்மல். "டிஎன்" என்றால் டவுன், நார்மல். டவுன் ஆனது எப்படி நார்மல் ஆகும் என்று கேட்கத் தோன்றும். அந்த இரண்டாவது எழுத்து இயந்திரத்தைப் பற்றியதில்லை, வட்டத்தில் அதன் இடத்தைப் பற்றியது. ஆள் படுத்துவிட்டார், அவர் இடம் அப்படியே இருக்கிறது! இரண்டே எழுத்தில் இந்தக் கட்டுரை முழுவதையும் சொல்லிவிட்டார்கள்.

டிஎன் என்று வந்ததுமே மாற்று நோட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. அந்த நோட்டுக்குப் போயிருக்க வேண்டிய பதிவுகளை மற்ற நோட்கள் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும். திரும்பி வந்தால் அந்தக் குறிப்புகளை அதனிடம் ஒப்படைக்கும். வழக்கமான கெடு 3 மணி நேரம். அதற்குள் எழுந்து வந்தால் விட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு நோட் வட்டத்தில் சேர்ந்துவிடும். ஆனால் அடியில் இருந்த இயந்திரமே எரிந்துபோய், அதோடு ஒட்டிய வட்டும் போய்விட்டது என்றால் காத்திருந்து பயனில்லை. வாரிசைக் கூப்பிட வேண்டியதுதான்.

பட்டாபிஷேகம்

இனி வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உற்சாகம் தாங்காது!

முதலில் ஒரு காலி இயந்திரம் எழுகிறது. செத்த நோட் இருந்த அதே ஸோனில். இல்லாவிட்டால் மூன்று நகல்கள் மூன்று ஸோனில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு குலைந்துவிடும். அதில் அதே பதிப்புக் கசாண்ட்ரா, அதே கிளஸ்டர் பெயர். பிறகு தொடங்கும்போது ஒரே ஒரு வரி சேர்க்கிறார்கள். முதல்முறை எழும்போது இன்ன முகவரியில் இருந்தவருக்கு நீ மாற்று என்று சொல்லும் வரி அது. முகவரி செத்த நோட்டுடையது. அவ்வளவுதான்!

புது நோட் எழுகிறது. வாயைத் திறப்பதற்கு முன் காதைத் திறக்கிறது. சீட் எனப்படும் அறிமுக நோட்களிடம் போய், இந்தக் கிளஸ்டரில் யார் யார், அந்த முகவரிக்காரருக்கு என்ன டோக்கன்கள் இருந்தன என்று கேட்டறிகிறது. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் அங்கேயே நின்றுவிடும். உயிரோடு இருப்பவரின் இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை. செத்தது உறுதி என்றால் அவருடைய டோக்கன்கள் எல்லாவற்றையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது.

2013இல் வந்த 1.2 பதிப்புவரை ஒரு நோட்டுக்கு ஒரே டோக்கன். அதன்பின் ஒரு நோட் பல சிறு இடங்களை வைத்துக்கொள்ளும் முறை வந்தது. முதலில் 256, 2021இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து 16. அந்த ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு நகல்கள் வேறெங்கோ உயிரோடு இருக்கின்றன. அவற்றிடமிருந்து தகவல் கொட்ட ஆரம்பிக்கிறது. "நோட்டூல் நெட்ஸ்டாட்ஸ்" என்று அடித்தால் எந்த நோட்டிலிருந்து எந்தக் கோப்பு எத்தனை சதவீதம் வந்திருக்கிறது என்று வரிவரியாக ஏறுவதைப் பார்க்கலாம். தகவல் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். அதுவரை புது நோட்டிடம் யாரும் எதையும் படிக்கக் கேட்கமாட்டார்கள்.

கடைசிக் கோப்பும் வந்து சேர்ந்ததும் புது நோட் காசிப்பில் தன்னை அறிவிக்கிறது. ஸ்டேட்டஸ் பட்டியலில் பழைய ஐபி மறைகிறது, புது ஐபி "யுஎன்" என்று மின்னுகிறது. இயந்திரம் புதிது, ஐபி புதிது, ஹோஸ்ட் ஐடியும் புதிது. டோக்கன்கள் மட்டும் பழையவை. பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது!

இதற்குப் பதிலாக, செத்தவரை நீக்கிவிட்டுப் புதியவரைத் தனியாகச் சேர்த்தால் என்ன? செய்யலாம். ஆனால் நீக்கும்போது அவர் பங்கு மற்றவர்களுக்குப் போகும், சேர்க்கும்போது புதியவருக்காக மறுபடி வட்டம் கலையும். ஒரே தகவல் இரண்டு தடவை ஊர்வலம் போகும். இடத்தை அப்படியே கைமாற்றினால் ஒரே ஊர்வலம்.

இன்னொரு சுவாரசியம். ஐபி மாறினாலும் பழைய வட்டு பத்திரமாக இருந்து, அதைப் புது இயந்திரத்தில் மாட்டினால் மாற்று வேலையே தேவையில்லை. ஹோஸ்ட் ஐடி வட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கசாண்ட்ரா அதைப் படித்துப் பார்த்து, பழைய ஆள்தான் வீடு மாறியிருக்கிறார் என்று புரிந்துகொள்ளும்.

ஆவிகள் ஜாக்கிரதை

இந்த வேலையில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, சீட் பட்டியல். அதில் தன் முகவரியே இருக்கும் நோட், தானே அறிமுகக்காரர் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் தகவல் வாங்காமல் சேர்ந்துவிடும். ஆகவே செத்தது ஒரு சீட் என்றால், முதலில் பட்டியலைத் திருத்திவிட்டுத்தான் வாரிசைக் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது, நேரம். மாற்று வேலை அந்த 3 மணி நேரக் கெடுவைத் தாண்டினால் சில பதிவுகள் புது நோட்டுக்கு வந்து சேர்ந்திருக்காது. அப்போது ரிப்பேர் என்ற கட்டளையைக் கொடுத்து, மூன்று நகல்களையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் திகில்! கசாண்ட்ராவில் ஒரு தகவலை அழித்தால் உடனே அழிவதில்லை. அதன்மேல் டூம்ஸ்டோன், அதாவது ஒரு கல்லறைக் கல் வைக்கப்படும். வழக்கமாக 10 நாள் கழித்து அந்தக் கல் அகற்றப்படலாம். இப்போது, செத்ததாக நினைத்த ஒரு நோட் பதினைந்தாம் நாள் எழுந்து வந்தால்? அது படுத்திருந்தபோது அழிக்கப்பட்ட தகவல் அதனிடம் உயிரோடு இருக்கும். கல்லறைக் கற்களோ மற்ற இடங்களில் போய்விட்டன. அழிந்த தகவல் புதிது என்று எல்லோருக்கும் பரவிவிடும்! ஜோம்பி என்றுதான் இதைத் தொழிலில் சொல்கிறார்கள். அதனால் நெடுநாள் படுத்த நோட்டை எழுப்பவே கூடாது. காலி இயந்திரத்தை வாரிசாக வைக்க வேண்டும். காசிப்பை விட்டு எப்படியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரைத் துரத்த ஒரு கடைசிக் கட்டளையும் உண்டு. அதன் பெயர் "அசாசினேட்". கொலை! வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொட வேண்டிய கட்டளை.

அப்பா பார்த்துக்கொள்வார்

இப்போது பிரையம் அரசரிடம் திரும்புவோம். 2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் சொந்த டேட்டாபேஸ் ஒன்று கெட்டுப்போய், மூன்று நாள் டிவிடிகளை அனுப்ப முடியாமல் நின்றது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது என்று அன்று எடுத்த முடிவுதான் அவர்களைக் கிளவுடுக்குக் கொண்டுவந்தது. வந்தவர்கள் செய்த துணிச்சலான காரியம் கேயாஸ் மங்கி. நேரடிப் பயன்பாட்டில் ஓடும் சர்வர்களைத் தன்னிச்சையாகக் கொல்லும் குரங்கு! எதிர்பாராத சாவு தினமும் நடந்தால், அதைத் தாங்கும் மென்பொருளை எழுதித்தானே ஆக வேண்டும்?

பிரையம் இந்தச் சாவுகளுக்கு வாரிசு நியமிக்கும் விதம் எளிமையானது. எந்த டோக்கன் எந்த இன்ஸ்டன்ஸிடம் இருக்கிறது என்ற பட்டியலைக் கிளஸ்டருக்கு வெளியே, அமேசானின் சிம்பிள்டிபி என்ற தனி டேட்டாபேஸில் எழுதி வைத்தது. வட்டத்தில் அடுத்தடுத்த இடங்களை வெவ்வேறு ஸோன்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தது. ஒரு நோட் செத்தால் அமேசானின் ஆட்டோஸ்கேலிங் ஏற்பாடு எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துப் புது இயந்திரத்தை எழுப்பும். எழுந்த இயந்திரத்தில் பிரையம் கண் விழித்து, பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இருந்து, இயந்திரமாக இல்லாதவர் யார்? அவருடைய டோக்கனை எடுத்துக் கையில் கொடுக்கும். மகள் கசாண்ட்ரா அந்த இடத்தில் உட்கார்ந்து தகவலை வாங்கத் தொடங்குவாள்.

ஸென் ஓட்டைக்கு முந்தைய ஆண்டிலேயே நெட்ஃபிளிக்ஸ் கசாண்ட்ரா நோட்களின் மீட்பைத் தானியங்கியாக்குவதில் உழைப்பைப் போட்டிருந்தது. கேயாஸ் மங்கியை டேட்டாபேஸ் பக்கமும் அவிழ்த்துவிட்டிருந்தது. அந்த 22 பேருக்கும் அன்று புதிதாக எதுவும் செய்யப்படவில்லை. பலமுறை ஒத்திகை பார்த்த நாடகம் மேடை ஏறியது, அவ்வளவே!

எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னட்டிஸ் உலகம் இதே கேள்விக்குப் பெயரிலேயே பதில் வைத்தது. அங்கே டேட்டாபேஸ் நோட்களுக்கு கசாண்ட்ரா-0, கசாண்ட்ரா-1, கசாண்ட்ரா-2 என்று வரிசைப் பெயர். ஒன்று செத்தால் வருவதற்கும் அதே பெயர், அதே வட்டு. 2016இல் இது முதலில் வந்தபோது பெட்செட் என்று அழைத்தார்கள், செல்லப் பிராணிகளின் தொகுப்பு! அதே ஆண்டு முடிவதற்குள் ஸ்டேட்ஃபுல்செட் என்று பெயர் மாறிவிட்டது.

காக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸ் முற்றிலும் வேறு பாதை. அங்கே ஒரு நோட்டின் எண் அதோடு முடிந்தது, இன்னொருவருக்கு ஒருபோதும் தரப்படாது. மூன்றாம் நோட் போனால் வருபவர் புது எண்ணோடுதான் வருவார். இடங்கள் யாருக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லை. ஒரு நோட் 5 நிமிடம் பேசாவிட்டால், அதன் தகவல் துண்டுகளை மிச்சமிருப்பவர்கள் பங்குபோட்டு மறுபடி நகலெடுத்துக்கொள்வார்கள். பாதைகள் வேறு, ஆனால் மூன்றிலும் ஒரே தெளிவு இருக்கிறது. எது நிலைக்க வேண்டும், எது போகலாம் என்பதை நோட் சாவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். கிளஸ்டரைக் கட்டும் யாருக்கும் நான் சொல்ல விரும்பும் ஒரே வார்த்தை இதுதான். பெயர் வைக்கும் அன்றே மாற்றும் நாளையும் யோசித்துவிடுங்கள்.

இதைப் படித்து ஆசை வந்துவிட்டதா? கிளவுடும் வேண்டாம், செலவும் வேண்டாம். கசாண்ட்ராவை உருவாக்குபவர்களே சோதனைக்குப் பயன்படுத்தும் சிசிஎம் என்ற சிறு கருவி இருக்கிறது. உங்கள் மடிக்கணினியிலேயே நோட்1, நோட்2, நோட்3 என்று மூன்று பேரை எழுப்பித் தரும். கொஞ்சம் தகவலை எழுதுங்கள். நோட்2ஐ நிறுத்துங்கள். மற்ற இரண்டும் பதில் சொல்வதைப் பாருங்கள். நான்காவதாக ஒரு காலி நோட்டைச் சேர்த்து, அந்த ஒற்றை வரியில் செத்தவரின் முகவரியைக் கொடுங்கள். நெட்ஸ்டாட்ஸில் சதவீதம் ஏறும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஏனென்றால் இதைத் தனியாகப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது!